தசையில் மின்சாரம் கண்ட கால்வானி

பழுதுற்ற மின்கம்பியைத் தெரியாமல் தொட்டவன் கை, அதனை உதறித் தள்ளுவதற்கு மாறாக அதனையே இறுகப் பற்றிக்கொள்ளும் கொடுமையை நம்மிற் பலர் கேட்டறிந்திருப்பர். விட்டுவிட வேண்டும் என்று அவன் மனம் துடிக்கின்றது. விரல்களோ அவன் ஏவலுக்கு இணங்குவதில்லை. பிறந்த நாள் முதல் தனக்கே பணிசெய்துவந்த தசை, ஒரு கணத்தில் அயலான் ஒருவனுக்கு ஆட்பட்டதுபோல் ஆகிவிடுகின்றது. இஃது எவ்வாறு நிகழ்கின்றது? மின்சாரத்திற்கும் தசைக்கும் உள்ள உறவு யாது? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முயற்சியாகக் கொண்டு, பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஓயாது ஆராய்ந்தவர் லூயிஜி கால்வானி என்னும் இத்தாலியப் பேரறிஞர்.

பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணாக்கர் கால்வனாமீட்டர் என்னும் கருவியை நாடோறும் கையாளுகின்றனர். துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டைக் கால்வனைஸ் செய்த தகடு என்று கடைத்தெருவிலும் வழங்குகின்றனர். இப்பெயர்களுக்கு உரியவர் எத்தகையவர், என்ன கண்டார், எதற்காக எதனை இழந்தார் என்பதை அறிந்தவர் சிலரே. ஆதலின் அன்னாரது சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இளமையும் கல்வியும்

இத்தாலியின் வடபாகத்திலே பொலோஞா என்னும் பழம்பெரும் நகரம் உண்டு. ஐரோப்பாவின் சர்வகலாசாலைகளுள் மிகத் தொன்மையானது எனப் போற்றப்படுவது அந்நகரத்ததே. கால்வானி பிறந்த நாளில் அந்நகரம் போப்பாண்டவரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்கே, 1737ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள், பொற்கொல்லர் ஒருவரின் மகனாக லூயிஜி கால்வானி பிறந்தார். இளமையிலேயே சமயப் பற்று மிக்கவராய், துறவறம் பூண்டு திருச்சபைத் தொண்டில் ஈடுபட விரும்பினார். குடும்பத்தாரின் விருப்பமோ வேறாயிருந்தது. அவர்கள் சொற்கு இணங்கி வைத்திய நூலைக் கற்கத் தொடங்கினார். துறவியாகாது போயினும், துறவிக்குரிய அடக்கமும் அமைதியும் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

1759ஆம் ஆண்டில் வைத்தியத்திலும் தத்துவ நூலிலும் பட்டம் பெற்றார். 1762ஆம் ஆண்டில் எலும்புகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். அதே ஆண்டில், தம் ஆசிரியருள் ஒருவராகிய கலியாட்ஸி என்பாரின் மகள் லூசியாவை மணந்தார். லூசியா கல்வியிற் சிறந்தவர். கணவரின் ஆராய்ச்சிகளிற் கருத்தூன்றித் துணைநின்றவர். அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. இல்லமே ஆராய்ச்சிக் கூடமாயிற்று.

கால்வானி உடற்கூற்று நூல் கற்பிக்கும் ஆசிரியரானார். 1766ஆம் ஆண்டில் உடற்கூற்றுப் பொருட்காட்சிச் சாலையின் பொறுப்பும் அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. மெழுகினாற் செய்த உறுப்புருவங்களைக் காட்டி அவர் பாடஞ் சொல்லிவந்தார். 1782ஆம் ஆண்டு முதல் பொலோஞா விஞ்ஞானக் கழகத்தில் பிரசவ வைத்தியப் பேராசிரியராகவும் விளங்கினார். பறவைகளின் சிறுநீரகங்களையும் செவிகளையும் நுணுகி ஆராய்ந்து கட்டுரைகள் வரைந்தார். சத்திர வைத்தியத்திலும் கைதேர்ந்தவராயிருந்தார். இவ்வளவோடு அவர் வாழ்க்கை முடிந்திருந்தால், பொலோஞா நகரத்தார் நினைவில் மட்டும் நல்லாசிரியர் ஒருவராக எஞ்சியிருப்பார்.

அக்காலத்தார் கொள்கை

தசை எவ்வாறு அசைகின்றது என்பது அந்நாளில் அவிழாத முடிச்சாயிருந்தது. மூளையிற் பிறக்கும் நுண்ணிய ஆவி ஒன்று நரம்புக் குழாய்களின் வழியே ஓடித் தசைகளை இயக்குகின்றது என்பது பழையோர் கொள்கை. அவ்வாவியைக் கண்டவர் ஒருவரும் இலர். ஹாலர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர், தூண்டினாற் சுருங்குவது தசையின் இயற்கைக் குணமே என்று 1752ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அவ்வியற்கைக் குணத்தின் காரணம் யாது என்னும் வினா அப்பொழுதும் விடையின்றி நின்றது.

அதே காலத்தில் மின்சாரம் அறிஞருலகின் புதுமையாக விளங்கியது. கண்ணாடி உருளையைச் சுழற்றித் தேய்த்து மின்சாரம் உண்டாக்கும் யந்திரங்கள் பெருகின. 1745-46ஆம் ஆண்டுகளில் தோன்றிய லெய்டன் ஜாடி, அம்மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே கணத்தில் வெளிவிட உதவியது. அதனைத் தொட்டவர் கைகள் அதிர்ந்து துடித்தன. மின்சாரம் பாய்ந்தால் தவளையின் தசை சுருங்கும் என்பதைப் பொலோஞாவிலேயே கல்தானி என்பார் முன்னரே காட்டியிருந்தார். ஆகவே, மின்சாரம் தசையைத் துடிக்கச் செய்யும் என்பது கால்வானியின் காலத்தில் புதுச் செய்தியன்று. புறத்தேயிருந்து வரும் மின்சாரம் தசையைத் தூண்டுவது மட்டுமா, அன்றி, உயிருள்ள உடம்பினுள்ளேயே மின்சாரம் உறைந்து தசையை இயக்குகின்றதா என்பதே அவர் எழுப்பிய புது வினா.

தவளைக் காலும் மின்பொறியும்

1780ஆம் ஆண்டின் இறுதியில் கால்வானி இவ்வாராய்ச்சியை முறையாகத் தொடங்கினார். நோயுற்ற மனைவிக்குச் சாறு வைப்பதற்காக உரித்த தவளைகளில் தற்செயலாக இவ்வுண்மை புலப்பட்டது என்று ஒரு கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. அவருடைய ஆராய்ச்சிக் குறிப்புகளை நோக்குவார்க்கு அக்கதை பொருந்தாது என்பது தெளிவாகும். தவளையின் பின்னங்கால்களை, முதுகெலும்பிலிருந்து இறங்கும் நரம்புகள் அறுபடாதவாறு பிரித்தெடுத்து, அவற்றின்மீது மின்சாரத்தின் செயலை அவர் முன்னரே ஒழுங்காகச் சோதித்துவந்தார்.

1781ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அத்தகைய தவளை ஒன்று மேசைமீது கிடந்தது. அதே மேசையில், தவளையோடு தொடர்பின்றிச் சற்று விலகி, மின்சார யந்திரம் இருந்தது. உதவியாளர் ஒருவர் சிறு கத்தியின் முனையால் தவளையின் நரம்பைத் தொட்டார். அக்கணமே கால்கள் வெட்டி இழுத்தன. யந்திரத்தினின்று பொறி பறந்த வேளையிலேதான் அவ்வாறு நேர்ந்தது என்பதை அருகிலிருந்த மற்றொருவர் கவனித்துக் கூறினார்.

கால்வானி தாமே கத்தியை எடுத்து மீண்டும் மீண்டும் செய்து பார்த்தார். சில வேளை கால் துடித்தது. சில வேளை துடிக்கவில்லை. மற்றொருவராயின் இம்முரண்பாட்டைக் கண்டு சலிப்புற்று விட்டிருப்பர். கால்வானியோ, கத்தியைத் தாம் பிடிக்கும் முறையை ஆராய்ந்தார். கத்தியின் பிடி எலும்பினாலாயது. எலும்பை மட்டும் பற்றியபோது துடிப்பு இல்லை. விரல், கத்தியின் இரும்புப் பாகத்தைத் தொட்டிருந்தபோது துடிப்பு உண்டாயிற்று. மின்சாரம் செல்வதற்கு வழி இருந்தாலன்றித் தசை துடிப்பதில்லை என்பது இதனால் விளங்கியது. யந்திரம் தன் மின்சாரத்தைத் திடீரெனக் கைவிடும்போது அருகிலுள்ள பொருள்களிலும் மின்சாரம் ஒரு கணம் இடம்பெயரும் என்று இன்று நாம் அறிவோம். அந்நாளில் அத்துணைச் சிறிய மின்சாரத்தை அளந்தறியும் கருவி ஒன்றும் இல்லை. தவளைக் காலே அக்கருவியாயிற்று.

அடுத்து, வானத்து மின்னலுக்கும் இச்செயல் உண்டோ என அறிய விரும்பினார். வீட்டின் உச்சியிலிருந்து ஒரு கம்பியைக் கொணர்ந்து தவளையின் நரம்போடு பொருத்தினார். காலிற் கட்டிய மற்றொரு கம்பியைக் கிணற்று நீரில் விட்டார். 1786ஆம் ஆண்டில் இடிமழை வந்த வேளையில், வானில் மின்னல் ஒளிரும்தோறும், இடியோசை செவியில் விழுவதற்கு முன்னரே தவளைக் கால்கள் துடித்தன.

பின்பு, வானம் தெளிந்திருக்கும் நாளிலும் இவ்வாறு நிகழுமோ என்று பார்க்கும் பொருட்டு, அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில், தவளைகளின் முதுகுத் தண்டிற் பித்தளைக் கொக்கிகளைச் செருகி, மாடி முகப்பின் இரும்புக் கிராதியில் தொங்கவிட்டார். நெடுநேரம் காத்திருந்தும் அசைவில்லை. கொக்கியை இரும்புக் கிராதியோடு அழுத்தினார், கால்கள் துடித்தன. வானிலோ மேகமும் இல்லை, மின்னலும் இல்லை. தவளையை வீட்டினுள்ளே கொணர்ந்து, கதவடைத்த அறையில் இரும்புத் தட்டின்மேல் வைத்துக் கொக்கியை அதில் அழுத்தினார், அப்பொழுதும் துடித்தன. கண்ணாடியாலும் பிசினாலும் தொட்டபோது துடிப்பில்லை. இரு வேறு உலோகங்களால் தொட்டபோது துடிப்பு மிகுந்தது.

அறையில் மின்சார யந்திரம் இல்லை, மின்னலும் இல்லை. ஆயின் மின்சாரம் எங்கிருந்து வந்தது? தவளையின் உடம்பிலிருந்தே வந்தது என்று கால்வானி முடிவு செய்தார். தசை ஒரு லெய்டன் ஜாடி போன்றது. அதன் உள்ளும் புறமும் மாறுபட்ட மின்சாரங்கள் நிறைந்துள்ளன. நரம்பு அதன் கம்பி. உலோகம் இரண்டையும் இணைத்தவுடன் மின்சாரம் பாய்ந்து தசை சுருங்குகின்றது என்பது அவர் கருத்து. அவசரப்பட்டு அதனை வெளியிட்டாரல்லர். தொடக்கத்திலிருந்து பத்தாண்டுகள் கழிந்தபின், 1791ஆம் ஆண்டிலேதான், தசையியக்கத்தில் மின்சாரத்தின் ஆற்றல்களைப் பற்றிய அவருடைய இலத்தீன் நூல் பொலோஞா விஞ்ஞானக் கழகத்தின் தொகுதியில் வெளிவந்தது. அந்நூலைக் காண லூசியா உயிரோடு இல்லை.

வோல்டாவோடு நிகழ்ந்த வாதம்

நூல் வெளிவந்ததும் ஐரோப்பா எங்கும் வியப்பு மூண்டது. பல ஊர்களிலும் அறிஞர்கள் தவளைகளைத் தேடிப் பிடித்துச் சோதனை செய்தனர். அவர்களுள் தலைசிறந்தவர், பாவியா நகரில் பௌதிகப் பேராசிரியராயிருந்த அலெஸ்ஸாந்த்ரோ வோல்டா. அவர் முதலிற் கால்வானியின் கொள்கையை ஏற்றுப் புகழ்ந்தார். பின்னர், ஏன் இரு வேறு உலோகங்கள் வேண்டும் என்ற ஐயம் அவருள் எழுந்தது. தகரத்தாளை நாவின் நுனியிலும் வெள்ளிக் கரண்டியைச் சற்று உள்ளேயும் வைத்து இரண்டையும் தொடுவித்தால் நாவிற் புளிப்புச் சுவை தோன்றுவதைக் கண்டார். மின்சாரம் பிறப்பது இரு உலோகங்களின் சேர்க்கையிலே. தவளையின் கால் அதனை அறிவிக்கும் கருவி மாத்திரமே என்று அவர் வாதித்தார்.

கால்வானி வாய்ச்சொல்லால் மறுக்கவில்லை. சோதனையால் விடை பகர்ந்தார். 1794ஆம் ஆண்டில் பெயர் குறியாது வெளியிட்ட நூலில், உலோகம் ஒன்றுமே இல்லாமல், அறுபட்ட நரம்பின் நுனியைத் தசையின்மீது படவிட்டபோதே கால் துடிப்பதைக் காட்டினார். வேறுபட்ட ஈரப் பொருள்கள் சேர்வதனாலும் மின்சாரம் தோன்றலாமே என்று வோல்டா மறுமொழி கூறினார். 1797ஆம் ஆண்டில் அதற்கும் ஒரு விடை கிடைத்தது. இரண்டு தவளைக் கால்களை எடுத்து, ஒன்றன் நரம்பை மற்றொன்றன் நரம்போடு மட்டும் தொடுவித்தார். உலோகம் இல்லை, தசைகூட இடையில் இல்லை, நரம்பும் நரம்புமே தொட்டன. அவ்வாறிருந்தும் கால்கள் துடித்தன. உயிர்ப்பொருளில் மின்சாரம் உண்டு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று அந்நாளில் வேறில்லை.

இதனிடையே, 1795ஆம் ஆண்டில், முதுமையையும் பொருட்படுத்தாது அத்ரியாடிக் கடற்கரைக்குச் சென்றார். தொட்டவரை அதிரச் செய்யும் டார்பிடோ என்னும் திருக்கை இன மீன் அங்கே கிடைப்பதுண்டு. அம்மீனின் அதிர்ச்சி மின்சாரத்தாலாயது என்பதையும், அதன் மின்னுறுப்பு மூளையிலிருந்து வரும் நரம்புகளுக்கு அடங்கியது என்பதையும் ஆராய்ந்தார். ஓர் உயிர் தன்னுடம்பிலே மின்சாரத்தை ஆக்கி ஆளவல்லது என்பதற்கு அம்மீன் கண்கூடான சாட்சியாயிற்று.

சத்தியமும் வறுமையும்

நிற்க, அரசியற் புயல் ஒன்று அவர் வாழ்வைத் தாக்கியது. 1796ஆம் ஆண்டில் நெப்போலியனின் படைகள் பொலோஞாவைக் கைப்பற்றின. அடுத்த ஆண்டு சிசால்பின் குடியரசு அமைக்கப்பட்டது. அரசாங்கச் சம்பளம் பெறும் ஆசிரியர் அனைவரும் அக்குடியரசுக்குப் பணிவதாகச் சத்தியம் செய்தல் வேண்டும் என்று ஆணை பிறந்தது. அச்சத்தியம் தம் சமய நம்பிக்கைக்கும் மனச்சான்றுக்கும் மாறானது என்று கால்வானி கருதினார். பலர் கையொப்பமிட்டுப் பதவியைக் காத்துக்கொண்டனர். கால்வானி மறுத்தார். 1798ஆம் ஆண்டில் அவருடைய ஆசிரியப் பதவியும் சம்பளமும் பறிக்கப்பட்டன. மனைவியை இழந்து, பொருளின்றி, நோயுற்ற அவர் தம் சகோதரரின் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். அவருடைய புகழை எண்ணிச் சத்தியமின்றியே மீண்டும் பதவியளிக்க அரசாங்கம் இசைந்தது. அவ்வருள் பயன் தருமுன், 1798ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் கால்வானி இவ்வுலக வாழ்வை நீத்தார். பொலோஞாவின் கோர்பஸ் தோமினி ஆலயத்தில் அவர் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்து ஈராண்டும் நிறையுமுன், 1800ஆம் ஆண்டில், வோல்டா வெள்ளித் தகடும் துத்தநாகத் தகடும் உப்புநீரில் தோய்ந்த அட்டையும் மாறி மாறி அடுக்கிய மின்கல அடுக்கை உலகிற்கு அறிவித்தார். ஓயாது ஓடும் மின்னோட்டம் அன்றுதான் மனிதன் கைக்கு வந்தது. நெப்போலியன் வோல்டாவைப் பாராட்டிப் பட்டமும் பரிசும் வழங்கினான். வோல்டாவின் வெற்றியே கால்வானியின் தோல்வி என்று உலகம் எண்ணியது.

கால்வானியின் மருகர் அல்தீனி, மாமனின் கொள்கையை நிலைநாட்டுவதாக எண்ணி நாடு நாடாகச் சென்றார். 1803ஆம் ஆண்டில் இலண்டனில், தூக்கிலிடப்பட்ட பார்ஸ்டர் என்பவனின் உடலில் வோல்டாவின் மின்கல அடுக்கினாலேயே மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது, வலக்கை முட்டியை மடக்கி உயர்ந்தது. கண்டோர் செத்தவன் எழுந்துவிடுவானோ என்று திகைத்தனர். மேரி ஷெல்லி 1818ஆம் ஆண்டில் வெளியிட்ட பிராங்கன்ஸ்டைன் என்னும் புனைகதைக்கு இத்தகைய சோதனைகளைப் பற்றிய பேச்சும் ஒரு தூண்டுகோலாயிற்று. அமைதியான ஆராய்ச்சிக் கூடத்திலே பிறந்த உண்மை, காட்சிப் பொருளாகிச் சந்தியில் நின்றது.

இருவரும் கண்ட உண்மை

காலம் சென்றபின் வழக்கின் தீர்ப்பு வேறாயிற்று. இரும்புக் கிராதியில் தொங்கிய தவளையைப் பொறுத்தவரை வோல்டா கூறியதே சரி. பித்தளையும் இரும்பும் ஈரமும் சேர்ந்து அங்கே ஒரு சிறு மின்கலமாயின. உலோகமின்றி நிகழ்ந்த சோதனைகளைப் பொறுத்தவரை கால்வானி கூறியதே சரி. அறுபட்ட நரம்பின் நுனிக்கும் ஊறுபடாத பாகத்திற்கும் இடையே உண்மையிலேயே மின்வேறுபாடு உண்டு. 1840களில் இத்தாலியில் மாத்தெயூச்சியும் ஜெர்மனியில் தூ புவா-ரேமோன் என்பவரும் நுண்ணிய கால்வனாமீட்டர்களைக் கொண்டு தசையிலும் நரம்பிலும் மின்னோட்டம் உண்டு என்று அளந்தே காட்டினர்.

கால்வானி முற்றும் பிழையற்றவர் என்றும் கூறுதற்கில்லை. கம்பியில் ஓடுவதுபோல் நரம்பில் மின்சாரம் ஓடுகின்றது என்று அவர் கருதினார். 1850ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளந்தபோது, அது வினாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டரே என்று கண்டார். கம்பியில் செல்லும் மின்சாரத்தின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது நத்தையின் நடையே. நரம்பிற் செல்வது கைமாறிக் கைமாறிப் பரவும் ஓர் அலை. நரம்பிழையின் மெல்லிய சவ்வுக்கு உள்ளும் புறமும் சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் மின்னேற்ற அணுக்கள் வேறுபட்ட அளவில் நிற்கின்றன. அதனால் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லி வோல்ட் குறைந்திருக்கின்றது. தூண்டுதல் நேர்ந்தவுடன் சோடியம் உட்புக, அவ்விடத்து மின்னிலை தலைகீழாக மாறுகின்றது. அம்மாற்றம் அடுத்த இடத்தைத் தூண்டுகின்றது. இதனை 1952ஆம் ஆண்டில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கில அறிஞர் இருவர் கணித முறையில் விளக்கினர். தசை லெய்டன் ஜாடி போன்றது, அதன் உட்புறமும் வெளிப்புறமும் மின்னிலையில் வேறுபட்டவை என்று கால்வானி கூறியது எவ்வளவு அருகிற் சென்ற உவமை என்பது இப்பொழுது விளங்கும்.

மின்னதிர்ச்சியில் தசை படும் பாடு

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். நாம் கையை மடக்க எண்ணினால், மூளையின் ஆணை மின்னலையாக நரம்பின் வழி இறங்கித் தசையை அடைகின்றது. தசையிழையின் சவ்விலும் அவ்வலை பரவுகின்றது. இழையினுள் அடைபட்டிருக்கும் கால்சியம் வெளிப்படுகின்றது. அதனால் நுண்ணிழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லத் தசை சுருங்குகின்றது. மூளையின் ஆணையா, புறத்தேயிருந்து வந்த மின்சாரமா என்று பகுத்தறியும் ஆற்றல் தசைக்கு இல்லை. மின்னிலை மாறியதா என்பது ஒன்றே அது அறிவது. ஆகவே அயல் மின்சாரம் உடம்பிற் பாயும்போது, தசை அதனைத் தன் தலைவனின் ஆணையென்றே ஏற்றுப் பணிகின்றது.

ஒரே ஒரு மின்துடிப்புக்குத் தசை ஒருமுறை வெட்டி இழுத்து ஓய்ந்துவிடும். கால்வானி கண்டது இதுவே. வீடுகளுக்கு வரும் மாறுமின்னோட்டமோ வினாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. ஒரு சுருக்கம் தளர்வதற்குள் அடுத்த தூண்டுதல் வந்துவிடுவதால், தசை தளர்வதற்கே இடமின்றி ஓயாது இறுகி நிற்கின்றது. கையை விரிக்கும் தசைகளும் மடக்கும் தசைகளும் ஒருங்கே இறுகும்போது, வலிமை மிக்க மடக்கு தசைகளே வெல்கின்றன. கம்பியைத் தொட்ட கை அதனையே பற்றிக்கொள்வதன் காரணம் இதுவே.

இதற்கு வேண்டும் மின்னோட்டம் மிகச் சிறிது. 1 மில்லி ஆம்பியர் அளவில் மெல்லிய குறுகுறுப்புத் தோன்றும். கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சார்ந்த சார்லஸ் டால்ஸீல் என்பார், தாமே முன்வந்த 134 ஆடவரையும் 28 பெண்டிரையும் கொண்டு ஆராய்ந்து, பற்றிய கம்பியை விடக்கூடிய எல்லை ஆடவர்க்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்டிர்க்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் விளக்கின் இழையில் ஓடுவது ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர். அதில் பதினாறில் ஒரு பங்கே ஒருவன் கையைச் சிறைசெய்யப் போதும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மின்னோட்டம் மார்பின் வழியே சென்றால் மூச்சுவிடும் தசைகளும் இறுகி நின்றுவிடும். 100 மில்லி ஆம்பியர் அளவில் ஓரிரு வினாடி இதயத்தின் வழியே சென்றால், அதன் தசையிழைகள் ஒழுங்கு குலைந்து தத்தமக்கு வேண்டியவாறு துடிக்கும். இரத்த ஓட்டம் நின்றுவிடும். உலர்ந்த தோல் ஓரளவு காக்கும். நனைந்த தோல் காவாது. ஆதலின் ஒருவன் கம்பியைப் பற்றித் துடிக்கக் கண்டால், அவனைத் தொடுதல் கூடாது. தொட்டவரையும் அது பற்றும். முதலில் மின்சாரத்தை நிறுத்துதல் வேண்டும். அதற்கு இயலாது எனின், ஈரமற்ற இடத்தில் நின்று உலர்ந்த மரக்கோலால் அவனைக் கம்பியினின்றும் விலக்குதல் வேண்டும். வீட்டு மின்சாரத்திற்கே இம்முறை பொருந்தும். உயரழுத்தக் கம்பியாயின் எக்கோலும் துணையாகாது. மின்சாரம் நிறுத்தப்படும்வரை அருகில் அணுகலாகாது.

கொல்லும் அம்மின்சாரமே காக்கவும் வல்லது. ஒழுங்கு குலைந்து நடுங்கும் இதயத்திற்கு ஒரே ஒரு பெரிய அதிர்ச்சி கொடுத்தால், எல்லா இழைகளும் ஒருங்கே சுருங்கி ஓய்ந்து, மீண்டும் இயல்பான துடிப்பைத் தொடங்கக்கூடும். 1947ஆம் ஆண்டில் கிளாட் பெக் என்னும் அமெரிக்கச் சத்திர வைத்தியர் இம்முறையால் ஒரு சிறுவனை அறுவை மேசையில் உயிர்ப்பித்தார். அதற்கு முன்னரே, 1903ஆம் ஆண்டில், ஐந்தோவன் என்னும் ஒல்லாந்து அறிஞர், இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் தானே உண்டாக்கும் மின்சாரத்தை ஒரு நுண்ணிய கருவியால் வரைந்து காட்டினார். அக்கருவி இழைக் கால்வனாமீட்டர். உயிருடம்பில் மின்சாரம் உண்டு என்று கூறி மறுக்கப்பட்டவரின் பெயரைத் தாங்கிய கருவியே, மனித இதயத்தின் மின்சாரத்தைத் தாளில் எழுதிக் காட்டிற்று.

பொலோஞா நகரின் நடுவே, அவர் பெயர் கொண்ட சதுக்கத்தில், 1879ஆம் ஆண்டில் நிறுவிய கால்வானியின் சிலை நிற்கின்றது. கையிலேந்திய பலகையில் கிடக்கும் தவளையை அவர் குனிந்து நோக்கிக்கொண்டிருக்கின்றார். ஆய்வுக் கூடங்களில் தவளைக் காலை இணைத்து அதன் துடிப்பைப் பதிவு செய்யும் மாணாக்கர், அதனை மதிப்பெண்ணுக்குரிய ஒரு பயிற்சியாக மட்டும் கருதாது, ஒருமுறையேனும் துடித்த கால் மறுமுறை ஏன் துடிக்கவில்லை என்று வினவுவாராயின், எலும்புப் பிடியினின்று இரும்புக்கு விரலை நகர்த்திய அப்பெரியாரின் மாணாக்கராவர்.